நெட் போன மதியமும் மாமாவின் கல்லாவும்

தை மாதத்து முகூர்த்த ஞாயிறு. கும்பகோணத்தில் அன்றைக்கு ஒரு மண்டபமும் காலியில்லை. போதாக்குறைக்கு நவக்கிரகக் கோயில்கள் சுற்ற வந்த இரண்டு பஸ் கூட்டம் மாமாவின் ஹோட்டல் வாசலில் இறங்கிவிட்டது. மதியம் ஒரு மணி வாக்கில் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்லாவில்தான் வினை.

சென்னைக் குடும்பம் ஒன்று, பில் 1,470 ரூபாய். கார்டைச் செருகி, பின் நம்பர் போட்டு, மெஷின் யோசித்து யோசித்துக் கடைசியில் ‘தொடர்பு இல்லை’ என்றது. கல்லாக்காரர் இழுப்பறையிலிருந்து இன்னொரு வங்கியின் மெஷினை எடுத்தார். அது வைஃபை இல்லை, சிம்மில் ஓடுவது. அதில் போய்விட்டது. முதல் மெஷினை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அந்தக் குடும்பம் சேத்தியாத்தோப்பு தாண்டும்போது போன் வந்தது: “சார், ரெண்டு தடவை எடுத்திருக்கீங்க.”

அது ஒன்று. இன்னொருவர் 620 ரூபாய்க்குச் சாப்பிட்டவர். இரண்டாவது மெஷினும் அவருக்கு மக்கர் செய்தது, ரொக்கம் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து நிமிடத்தில் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து திரும்பி வந்து, பணம் எடுத்ததாக வந்த எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டினார். சத்தம் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. கல்லாவில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று முப்பது வருடம் கடை நடத்தியவர் மாமா. 620 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டார். பிறகு பார்த்தால், அவர் வண்டி தெரு முனை திரும்புவதற்குள் அந்தக் கார்டுப் பணம் அவர் கணக்குக்கே திரும்பியிருக்கிறது. ஆக, அன்றைக்கு அவர் சாப்பாடு ஓசி.

நான் இந்த ஊரில் கேமரா, நெட்வொர்க், பில்லிங் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். மாமா என் அம்மாவுக்குத் தம்பி. “மாப்பிள்ளை, நெட் இல்லாட்டியும் கார்டு எடுக்கிற மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடு” என்றார். அவர் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே ஹோட்டல்களில் லைன் போனாலும் மெஷின் கார்டை வாங்கிக்கொள்ளும் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதிலிருந்து தொடங்கிய வேலை ஏழு மாதம் இழுத்தது.

முதலில் அந்த ஞாயிறு என்ன ஆனது என்று பார்த்தேன். கார்டு மெஷின் வங்கியிடம் ஒரு கேள்வி கேட்கிறது, வங்கி ஒரு பதில் சொல்கிறது. பின்னணியில் ஐஎஸ்ஓ 8583 என்ற பழைய செய்தி முறைதான் பெரும்பாலும் ஓடுகிறது: 0200 என்றால் பணம் கேட்கும் செய்தி, 0210 அதற்குப் பதில். கேள்வியே போகாமல் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. கேள்வி போய்ச் சேர்ந்து, வங்கி பணத்தைக் கழித்து, பதில் வரும் வழியில் லைன் அறுந்தால்தான் தலைவலி. வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். வந்துவிடும். மெஷினோ பதில் வரவில்லை என்று கையை விரித்துவிடும்.

இதற்கு மெஷினிடமே வைத்தியம் இருக்கிறது. பதில் வராத வியாபாரத்துக்கு 0400 வரிசையில் ஒரு ரிவர்சல் செய்தியைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும்: ‘நான் கேட்டதை ரத்து செய்’ என்று. அடுத்து லைன் கிடைத்ததும், புது வியாபாரத்தைத் தொடுவதற்கு முன் இதை அனுப்பும். 620 ரூபாய்க்காரருக்கு நடந்தது இதுதான். இரண்டாவது மெஷினில் அடுத்த கார்டைச் செருகியதுமே ரிவர்சல் போய்விட்டது. சென்னைக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய ரிவர்சல் இழுப்பறைக்குள், சார்ஜ் தீர்ந்த மெஷினோடு சேர்ந்து தூங்கியது. செவ்வாய்க்கிழமை நான் அதைச் சார்ஜில் போட்டு ஒரு ரூபாய்க்கு என் கார்டைச் செருகிய பிறகுதான் கிளம்பியது. மெஷினை உள்ளே தூக்கிப் போட்ட அந்த ஒரு செயல் ஒரு மனிதரின் 1,470 ரூபாயை இரண்டு நாள் பிடித்து வைத்துவிட்டது.

நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பணம் திரும்ப வேண்டும் என்பது விதி. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடையில் உறுதிச் சீட்டு வராமல் கணக்கில் மட்டும் பணம் கழிந்திருந்தால், வியாபாரம் நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்பப்பட வேண்டும். தாண்டினால் நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைக் கல்லாவில் தமிழில் ஒட்டி வைத்தேன். கத்துகிறவர்கள் பாதிப் பேர் அதைப் படித்ததும் அடங்கிவிடுகிறார்கள்.

இனி மாமா கேட்ட ‘நெட் இல்லாத கார்டு’. அமெரிக்காவில் நடப்பது இது: மெஷின் கார்டு விவரத்தைப் பூட்டிய வடிவில் சேமித்து வைத்து, லைன் வந்ததும் அனுப்பும். விமானத்துக்குள் கார்டில் டீ விற்பதும் இந்த வகைதான். அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்குப் பின் நம்பர் கேட்பது அபூர்வம் என்பதால் இது ஓடுகிறது. ஆனால் லைன் வந்தபின் வங்கி ‘முடியாது’ என்றால், சாப்பிட்டவர் போய்விட்டிருப்பார், நஷ்டம் கடைக்காரர் தலையில். கார்டின் சிப்புக்கே சின்னத் தொகைக்குத் தானாகச் சரி சொல்லும் ஏற்பாடும் உண்டு. அதற்கு மெஷினில் ஒரு உச்சவரம்பு வைத்திருக்க வேண்டும். எங்கள் மெஷின்களில் அந்த வரம்பு பூஜ்யம், எல்லா வியாபாரமும் வங்கியைக் கேட்டே ஆக வேண்டும். போடுகிற பின் நம்பர் சரியா என்று பார்ப்பதும் அந்தப் பக்கத்து வங்கிதான். தட்டிவிட்டுப் போகிற கார்டில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் வேண்டாம். அதனால் அதற்கு லைனும் வேண்டாம் என்று கல்லாக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். வைஃபையை அணைத்துவிட்டு, தட்டிக் காட்டித்தான் புரியவைத்தேன்.

ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் நெட் இல்லாமல் சிறு தொகை செலுத்த விதிமுறை கொண்டுவந்தது. ஒரு முறைக்கு 200 ரூபாய், மொத்தம் 2,000 என்று தொடங்கி, 2023-ல் ஒரு முறைக்கு 500 ஆனது. 2024 டிசம்பரில், போனில் சிறு தொகையை முன்கூட்டியே ஏற்றி வைத்துச் செலவழிக்கும் யூபிஐ லைட்டுக்கு ஒரு முறைக்கு 1,000, மொத்தம் 5,000 என்று ஏற்றினார்கள். ஆசையோடு சோதித்தேன். யூபிஐ லைட்டில் பின் நம்பர் கேட்காது, சட்டென்று முடியும், ஆனால் என் போனில் டேட்டாவை அணைத்ததும் எங்கள் க்யூஆர் அட்டைக்குப் பணம் போகவில்லை. ஐந்து பேர் குடும்பத்துக்கு 1,470 ரூபாய் வருகிற இடத்தில் இதை நம்பி உட்கார முடியாது.

மாமா விடவில்லை. “அப்போ அந்தக் காலத்துல தஞ்சாவூர் லாட்ஜ்ல ஒரு இரும்புத் தட்டுல கார்டை வச்சு, கார்பன் பேப்பர் போட்டு, சரக்கு சரக்குன்னு இழுப்பானே?” என்றார். அது எழுத்து புடைத்த கார்டுக்கு. இப்போது பாதிக் கார்டுகள் வழவழப்பு. எதற்குச் சொல்கிறேன் என்றால், இதே புத்தியில் ஒரு சப்ளையர் பையன் அந்த ஞாயிறு ஒருவருடைய கார்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தான். நெட் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நல்லெண்ணம்தான். பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணை வியாபாரம் முடிந்தபின் எந்தக் கடையும் வைத்திருக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதி. அவன் போனை வாங்கிப் படத்தையும், குப்பைத் தொட்டியில் இருந்த அதன் நகலையும் அழித்தேன். கடைசி நான்கு இலக்கத்தைத் தவிர வேறெதையும் எங்கேயும் எழுதுவதில்லை என்று அன்றே முடிவு செய்தோம்.

சரி, லைன் போனால் கார்டு எடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அப்படியானால் லைன் போகாமல் பார்க்க வேண்டும். நெட் கம்பெனியைத் திட்டத் தயாராகத்தான் ஃபைபர் பெட்டி தானாக எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். ஞாயிறு மதியம் பெட்டியே ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. அதாவது வெளியே லைன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது! மெயினிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, பெட்டிக்குத் தெரியும். அது எழுந்து, லைன் பிடித்து, ரூட்டர் தயாராக மூன்றரை நிமிடம். சாப்பாட்டு நேரத்துக் கல்லாவில் மூன்றரை நிமிடம் என்பது பதினைந்து பேர் வரிசை.

இன்வெர்ட்டருக்குப் பின்னால் ‘யூபிஎஸ் மோடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. போட்டால் மாறும் இடைவெளி குறையும். போட்டுவிட்டு மெயினை ஐந்து முறை இறக்கிப் பார்த்தேன். நான்கு முறை பெட்டி தாங்கியது, ஒரு முறை விழுந்தது. முகூர்த்த நாளில் அந்த ஒரு முறை போதும். அதனால் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். உள்ளே 2,600 மில்லி ஆம்பியர் லித்தியம் செல் மூன்று. கணக்குப்படி 29 வாட் மணி. பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து பத்து வாட் இழுக்கின்றன. வீணாவது போக இரண்டேகால் மணி நேரம் தாங்குகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: எங்கள் ஃபைபர் பெட்டி 12 வோல்ட், ரூட்டர் 9 வோல்ட், இரண்டுக்கும் செருகும் முனை ஒரே அளவு. மாற்றிச் செருகினால் ரூட்டருக்குக் கருமாதி. 12-க்குச் சிவப்பு டேப், 9-க்கு மஞ்சள் டேப் சுற்றி வைத்தேன், துடைக்க வருகிறவர் கழற்றி மாட்டினாலும் தப்பு வராது.

உண்மையைச் சொன்னால் பிரச்சினையில் முக்கால்வாசி இந்தச் சிறிய டப்பாவோடு முடிந்துவிட்டது. மீதிக் கால்வாசிக்குத்தான் ஆறு மாதம்.

ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் என்ன செய்வது? 4ஜி ரூட்டர் ஒன்றை இரண்டாவது லைனாக வைத்தேன். முதலில் ஃபைபர் தந்த கம்பெனியின் சிம்மையே போட்டது என் முட்டாள்தனம். மாசியில் ஒரு நாள் ஃபைபர் அறுந்தபோது அந்த சிம்மும் சேர்ந்து படுத்தது. டவருக்குப் போகும் லைனும் அதே குழியில்தான் இருந்திருக்க வேண்டும். அப்புறம் வேறு கம்பெனி சிம் தேட நான்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு கடையைச் சுற்றினேன். கல்லா இருப்பது கருங்கல் சுவருக்கும் சமையற்கட்டின் எவர்சில்வர் மேடைக்கும் நடுவில். அங்கே சிக்னல் மைனஸ் 112 டிபிஎம், மாடி ஜன்னலோரம் அதே சிம்மில் மைனஸ் 89. பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம். ரூட்டரை மாடிக்குக் கொண்டுபோய், 18 மீட்டர் லேன் கேபிள் இறக்கினேன்.

லைன் போனதா என்று பார்க்க ரூட்டர் கேபிளில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபைபர் வெளியே அறுந்தால் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருக்கும் கேபிளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் வெளியே நெட்டில் இருக்கும் 8.8.8.8, 1.1.1.1 என்ற இரண்டு முகவரிகளையும் ஐந்து நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார், மூன்று முறை பதில் இல்லையென்றால் மாறு என்று அமைத்தேன். இருபது நொடிக்குள் மாறிவிடுகிறது.

இதே கோளாறு கார்டு மெஷினுக்குள்ளும் இருந்தது. முதல் மெஷினில் வைஃபையும் உண்டு, சிம்மும் உண்டு. வைஃபை இணைந்திருக்கும்வரை அது சிம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வைஃபைக்குப் பின்னால் நெட் செத்துக் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. மெஷின் கம்பெனி ஆள் வந்து வரிசையை மாற்றிக் கொடுத்தும் முழுதாகச் சரியாகவில்லை. கடைசியில் கல்லாக்காரருக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன்: ‘தொடர்பு இல்லை’ என்று இரண்டாவது முறை வந்தால் மெனுவில் போய் வைஃபையை அணை. அவருக்கு வயது அறுபத்திரண்டு. மூன்றே நாளில் என்னைவிட வேகமாகச் செய்தார்.

பில்லிங் மென்பொருள் தனிக் கதை. முன்பு எல்லாமே வெளி சர்வரில். நெட் போனால் பில் அடிக்க முடியாது, அது போகட்டும், சமையற்கட்டுக்கு ஆர்டர் சீட்டே போகாது. தோசைக் கல்லுக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? கல்லாக் கம்ப்யூட்டரிலேயே தரவு இருக்கும், நெட் வந்தால் மேலே அனுப்பும் வகைக்கு மாற்றினோம். ஏசி ஹாலில் இன்னொரு பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத நேரத்தில் ஒரே பில் எண்ணை இரண்டும் கொடுத்துவிட்டன. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாகவும், அந்த நிதியாண்டில் ஒரே ஒரு முறையும்தான் வர வேண்டும், 16 எழுத்துக்குள். கல்லாவுக்கு ‘க’, ஹாலுக்கு ‘ஹ’ வைக்கலாம் என்றேன். ஆடிட்டர் ஆங்கில எழுத்தே இருக்கட்டும் என்றார். இரண்டுக்கும் தனித்தனி வரிசை.

இதையெல்லாம்விடப் பயன்பட்டது ஒரு பொத்தான். மென்பொருளில் பில்லுக்கு இரண்டே நிலை இருந்தது: பணம் வந்தது, வரவில்லை. அந்த ஞாயிற்றின் இரண்டு சண்டையும் இதில் எதிலும் சேராதவை. வந்ததா இல்லையா என்றே தெரியாத மூன்றாவது நிலை ஒன்று வேண்டும். மென்பொருள்காரரிடம் பேசி ‘நிலுவை’ என்று ஒரு பொத்தான் போட வைத்தேன். அழுத்தினால் நேரம், தொகை, எந்த மெஷின், கார்டின் கடைசி நான்கு இலக்கம், வாடிக்கையாளர் போன் எண் கேட்கும். ஒரே வாரத்தில் அதில் நாற்பது பில்! பார்த்தால், கடைத்தெரு ஆட்கள் மாதக் கணக்கில் குடிக்கும் டிகிரி காபி எல்லாம் அதற்குள் போயிருந்தது. நிலுவை என்றால் கல்லாவில் கடன் என்றுதானே அர்த்தம். தப்பு என்னுடையது. பெயரை ‘வந்ததா தெரியலை’ என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

அந்தப் பொத்தானோடு இரண்டு கட்டளை. மெஷின் பதில் சொல்லாவிட்டால், இன்னொரு மெஷினை எடுப்பதற்கு முன் அதே மெஷினில் ‘கடைசி வியாபாரம்’ பார். லைன் இருந்தால் அப்போதே ரிவர்சல் போய்விடும். இரண்டாவது, எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டுகிறார் என்பதற்காக ரொக்கம் திருப்பிக் கொடுக்காதே. பொத்தானை அழுத்து, போன் எண் வாங்கு, எந்தக் கார்டுப் பணம் நமக்கு வந்தது என்று காட்டும் செட்டில்மென்ட் அறிக்கையை ராத்திரி பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல். மாமாவுக்கு இரண்டாவது கட்டளை இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. “சாப்பிட வந்தவன் சந்தேகத்தோட போகக் கூடாதுடா” என்பார். 620 ரூபாயை ஞாபகப்படுத்துவேன், சிரிப்பார்.

வாரம் ஒரு நாள், திங்கள் மூன்றரை மணிக்கு, கடை காற்றாடும் நேரத்தில் சொல்லாமல் போய் ஃபைபரைப் பிடுங்குவேன். முதல் தடவை 4ஜி சரியாக எடுத்தும் கார்டு மெஷின் பழைய இணைப்பையே கட்டிக்கொண்டு நின்றது, ரீஸ்டார்ட் செய்யும்வரை. அதையும் கல்லாவில் எழுதி ஒட்டினோம். இரண்டாம் முறை 4ஜி சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. ஆறாவது முறைதான் எதுவும் கெடவில்லை.

எல்லாமே போய்விட்டால்? 2018 நவம்பர் கஜா புயலின்போது கடலோரத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வேதாரண்யம் பக்கத்து உறவுக்காரர் கடையில் அப்போது ஓடியது கார்பன் வைத்த பில் புத்தகமும் ரொக்கமும்தான். மாமா கடையிலும் ஒரு பில் புத்தகம் இப்போது கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. ரொக்கம் இல்லாத வெளியூர்க்காரர் என்றால் பெயர், போன் எண் எழுதிக்கொண்டு, ஊருக்குப் போய் அனுப்புங்கள் என்று விட்டுவிடுவது மாமாவின் தீர்மானம். அமெரிக்க மெஷின் செய்வதும் இதைத்தானே, அது கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறது. இந்த ஏழு மாதத்தில் அப்படிப் போனது பதினொரு பில். பத்து வந்துவிட்டது.

இன்னும் அடங்காதது யூபிஐ சவுண்ட் பாக்ஸ் ஒன்றுதான். அதற்கு வைஃபை கிடையாது, சொந்த சிம்மில் ஓடுவது, கல்லாவில் சிக்னல் தவறிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மொத்தமாகக் கத்தும். 900 ரூபாய் கொடுத்துவிட்டு நிற்கிறவர் காதில் ‘முப்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று விழுந்தால் என்ன நினைப்பார்? இப்போதைக்கு வாசல் பீடா கடைத் தூணில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். அங்கே நன்றாகப் பேசுகிறது. கல்லா வரைக்கும் கேட்க மாட்டேன் என்கிறது, பீடா கடைக்காரர்தான் அங்கிருந்து தொகையைத் திருப்பிச் சொல்கிறார்.